இன்னும் ஐந்து படிகள்

இருபது நிமிஷத்தில் ஆடி முடித்துவிடக்கூடிய ஒரு விளையாட்டைப் பற்றி ஒரு குடும்பம் இரண்டு மாத காலம் வாதிட முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு டோம்பிவிலியில் வாழும் எங்கள் குடும்பமே சாட்சி. இப்பத்திரிகையைப் படிக்கும் அன்பர்களுள் பெரும்பாலோர் என்னைப் போலப் பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்தவர்கள். அல்லது அவ்வாறு வந்தவர்களின் மக்கள். காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி, இடையில் ஒரு மேஜை என்னும் வாழ்க்கை நம்மில் எவருக்கும் புதிதன்று. அந்த வாழ்க்கையையே பொருளாகக் கொண்டது இவ்விளையாட்டு. ஆகவே, அதை ஆடிப் பார்த்த எங்கள் வீட்டார் சொன்ன அபிப்பிராயங்களை இங்கே எழுதுவது பொருத்தமாகும் என்று கருதுகிறேன்.

விளையாட்டின் பெயர் 'எவ்ரி டே தி ஸேம் ட்ரீம்'. 'நாள்தோறும் ஒரே கனவு' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 2009-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இணையத்தில் வெளியாயிற்று. ஆக்கியவர் பாவ்லோ பெதர்சீனி என்னும் இத்தாலியர். 'மொல்லே இந்துஸ்திரியா' என்ற பெயரில் 2003 முதல் சமூகத்தின் போக்கைக் கேள்வி கேட்கும் சிறு விளையாட்டுகளை வெளியிட்டவர். அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். இசை அமைத்தவர் ஜெஸ்ஸி ஸ்டைல்ஸ். இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கணினியில் எதையும் நிறுவ வேண்டியதும் இல்லை. இணையப் பக்கத்தைத் திறந்து அங்கேயே ஆடும் வகையைச் சேர்ந்தது.

இந்த வகை விளையாட்டுகள் பெரும்பாலும் 'ஃபிளாஷ்' என்னும் மென்பொருளைக் கொண்டு செய்யப்பட்டவை. அந்த மென்பொருளுக்குரிய ஆதரவை அதன் உரிமையாளர்களான அடோபி நிறுவனத்தார் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டனர். ஆயிரக்கணக்கான சிறு விளையாட்டுகள் அன்றோடு மறைந்திருக்க வேண்டியவை. ஆர்வலர் சிலர் 'ரஃபிள்' போன்ற மாற்றுக் கருவிகளை உருவாக்கியதாலும், 'ஃபிளாஷ்பாயிண்ட்' போன்ற சேமிப்புகளில் தேடித் தொகுத்து வைத்ததாலும் பல பிழைத்திருக்கின்றன. பழைய ஏடுகளைத் தேடிக் காத்தவர்களின் வரிசையில் இவர்களையும் வைக்கத்தான் வேண்டும்.

இனி, ஆட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லுகிறேன். திரையில் ஏறக்குறைய எல்லாமே சாம்பல் நிறம். படுக்கையருகே ஒரு மனிதன் உள்ளாடையோடு நிற்கிறான். முகம் என்று சொல்லத்தக்கது அவனுக்கு இல்லை. அம்புக்குறி விசைகளால் அவனை நடத்திச் செல்ல வேண்டும். அலமாரியில் கோட்டும் டையும் இருக்கின்றன. அடுக்களையில் மனைவி அடுப்பின் முன் நின்றபடி, நேரமாயிற்று என்று துரிதப்படுத்துகிறாள். லிஃப்டில் ஒரு மூதாட்டி. கீழே வீதி, கார், வாகன நெரிசல். அலுவலகத்தில் சரிந்துகொண்டே போகும் ஒரு வரைபடம். தாமதம் என்று கடிந்துகொள்ளும் மேலாளர். அவரைத் தாண்டினால் ஒரே மாதிரியான மனிதர்கள் ஒரே மாதிரியான தடுப்புகளுக்குள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். காலியாக உள்ள இடத்தில் போய் அமர்ந்தால் நாள் முடிகிறது. மறுபடியும் படுக்கையறை, மறுபடியும் அதே காலை.

புதிர் எங்கே என்றால், லிஃப்டில் நிற்கும் அந்த மூதாட்டியிடத்தில் இருக்கிறது. இன்னும் ஐந்து படிகள் கடந்தால் நீ புதிய மனிதனாவாய் என்கிறாள் அவள். எவை அந்தப் படிகள் என்று சொல்வதில்லை. ஆடுபவர்தாம் கண்டுபிடிக்க வேண்டும். உடுத்தாமலே அலுவலகத்துக்குப் போவது ஒன்று. காரை நோக்கிச் செல்லாமல் எதிர்த்திசையில் நடந்து, அங்கே நிற்கும் வீடற்ற மனிதனோடு அமைதியான ஓர் இடத்துக்கு, அதாவது கல்லறைக்கு, போவது ஒன்று. நெரிசலில் காரைவிட்டு இறங்கிப் புல்வெளியில் நிற்கும் ஒரு பசுவைத் தடவிக்கொடுப்பது ஒன்று. மரத்திலிருந்து உதிரும் இலையைக் காத்திருந்து கையில் பிடிப்பது ஒன்று. அலுவலகத்தில் தன் இருக்கையைத் தாண்டி நடந்து, மாடியின் விளிம்பிலிருந்து குதிப்பது ஒன்று. ஒவ்வொன்றும் நிறைவேறியதும் மூதாட்டியின் கணக்கில் ஒரு படி குறைகிறது. ஐந்தும் முடிந்த மறுநாள் மனைவி இல்லை, நெரிசல் இல்லை, அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. மாடிக்குப் போனால் அங்கே நம் மனிதனைப் போலவே ஒருவன் நிற்கிறான். நாம் பார்த்துக்கொண்டிருக்கையில் குதிக்கிறான். ஆட்டம் அவ்வளவே. அவன் யார், நாம் யார் என்பதைப் பற்றி அன்று முதல் இன்றுவரை ஆடியவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தவள் என் மகள். கல்லூரியில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கதை சொல்லும் சிறு விளையாட்டு ஒன்றை வெவ்வேறு வயதினர் ஐவரை ஆடச் செய்து, அவர்கள் சொல்லும் அபிப்பிராயங்களை எழுதிவர வேண்டும் என்பது அது. சென்ற ஆண்டு ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் மழை கொட்டியதால் சங்கக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. வீட்டில் எல்லோரும் இருந்தோம். எதிர்வீட்டு மாமாவும் காப்பிக்கு வந்திருந்தார். மகள் நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்துவிட்டாள்.

முதலில் ஆடியவர் எண்பத்து நான்கு வயதான என் தாயார். பிள்ளைகள் ஆச்சி என்று அழைப்பார்கள். திரையில் வரும் ஆங்கிலச் சொற்களைப் பேத்தி தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா விசைகளை அழுத்தினார். கோட்டு, கார், அலுவலகம் எதுவும் அவருடைய மனத்தைக் கவரவில்லை. பசுவைக் கண்டுபிடித்தபோது மட்டும் முகம் மலர்ந்தது. நாள் முடிந்து மறுபடி தொடங்கியதும் நேரே பசுவிடமே போனார். "அதைத்தான் முன்பே செய்தாயிற்றே ஆச்சி, இனி எண்ணிக்கை குறையாது" என்றாள் பேத்தி. "எண்ணிக்கைக்காகவா மாட்டைத் தடவுவார்கள்?" என்று கேட்டார் அம்மா. பிறகு லிஃப்டில் நிற்கும் கிழவியைக் காட்டி, "இந்த அம்மா எல்லோருக்கும் வழி சொல்லுகிறாளே, இவள் எங்கே போகிறாள் என்று யாராவது கேட்டார்களா?" என்றார். மகள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

அடுத்தவர் எதிர்வீட்டு மாமா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு நாள்களை ஆடியதும் கணினியை என் பக்கம் தள்ளிவிட்டார். "இது விளையாட்டே இல்லை சார். நன்றிகெட்டதனம். அந்த மேஜைதான் என் தங்கைகள் இருவருக்குக் கல்யாணம் செய்து வைத்தது. வேலையில்லாத ஒரு பையனிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள், காலியாக இருக்கும் அந்த இடம் எனக்குக் கிடைக்குமா என்றுதான் கேட்பான்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. வெளியூர் வந்து வேரூன்றிய நம் குடும்பங்களில், ஒரு மேஜையின் நிழலில் பத்துப் பேர் வாழ்ந்திருக்கிறோம்.

மூன்றாவதாக ஆடியவன் நான். 1985 முதல் 2019 வரை, 34 ஆண்டுகள், ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். டோம்பிவிலியிலிருந்து கோட்டைப் பகுதிக்குப் போக 48 கிலோமீட்டர்; வர 48 கிலோமீட்டர். நான் சேர்ந்தபோது விக்டோரியா டெர்மினஸ் என்றிருந்த நிலையத்தின் பெயர் 1996-இல் மாறி, 2017-இல் மறுபடியும் நீண்டது. என் மேஜை மட்டும் மாறவில்லை. ஆண்டுக்கு 280 நாள் என்று வைத்து என் மகள் கணக்குப் போட்டாள். ஒன்பது லட்சம் கிலோமீட்டருக்கு மேல் வந்தது. நிலவுக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் அதை நோக்கிப் பாதி வழி போகாவிட்டாலும், கொஞ்ச தூரம் போயிருக்கிறேன்!

எனினும் அந்த விளையாட்டில் என் வாழ்க்கையை நான் காணவில்லை. காரணத்தையும் சொன்னேன். அந்த மனிதன் காரில் தனியே போகிறான். நாம் ரயிலில் போனோம். ஒரே வண்டி, ஒரே பெட்டி, ஒரே வாசல் என்று ஆண்டுக்கணக்கில் போனதால் ஒரு கூட்டம் அமைந்தது. ஒருவர் தாளம் போடுவார். நால்வர் அபங்கம் பாடுவார்கள். தசரா நெருங்கினால் பெட்டிக்குச் சாமந்தித் தோரணம் கட்டிப் பூஜை செய்வோம். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து வண்டிகள் நின்றுபோன இரவில், ரயில் நண்பர் ஒருவர் காட்கோபரில் இருந்த தம் ஒற்றை அறைக்கு எங்கள் ஆறு பேரை அழைத்துச் சென்று சோறு போட்டார். அவருடைய வீடு எங்கே என்பதுகூட அன்றுவரை எங்களில் பலருக்குத் தெரியாது. நாள்தோறும் ஒரே வண்டியில் போனதன் பயன் அது. ஆகவே, ஒரே மாதிரியான நாள் என்பது தன்னளவில் துன்பம் அன்று. அதில் உடன் வருவோர் இல்லாமற் போவதே துன்பம் என்பது என் அபிப்பிராயம். மகள் எழுதிக்கொண்டாள்.

அப்போது என் மகன் பேசினான். வயது இருபத்தேழு, ஒரு மென்பொருள் அலுவலகத்தில் உத்தியோகம். "உங்களுக்கு ரயில் இருந்தது அப்பா. எனக்கு அதுவும் இல்லை" என்றான். 2020-ஆம் ஆண்டுத் தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியவன், இன்றும் பெரும்பாலும் அப்படியே செய்துவந்தான். படுக்கையறையே அலுவலகம். "அந்த ஆள் உடுத்தாமல் வேலைக்குப் போவதைப் பெரிய கலகமாகக் காட்டியிருக்கிறார்கள். நான் நான்கு வருஷமாக லுங்கியோடுதான் வேலைக்குப் போகிறேன்" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. "உங்கள் மேஜை மாறவில்லை என்றீர்கள். அதில் ஒரு பத்திரம் இருந்தது. எங்கள் பிரிவில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பட்டியல் வருகிறது. அடுத்த பட்டியலில் யார் என்று தெரியாது. நாளும் மாறுவதில்லை, நாளைக்கு உறுதியும் இல்லை. அந்தச் சரிகிற வரைபடத்தைத்தான் என் கண் முதலில் பார்த்தது" என்றான்.

அவன் நான்கு படிகளைக் கண்டுபிடித்துவிட்டான். ஐந்தாவதற்காக மாடிக்குப் போனான். விளிம்புக்குச் சற்று முன்னே விசையிலிருந்து கையை எடுத்துவிட்டான். "இன்னும் ஓர் அடிதான் அண்ணா" என்றாள் மகள். "தெரியும். வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

என் மனைவி அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நான்காவது அபிப்பிராயம் அவளுடையது என்று மகள் பேனாவை எடுத்தாள். "பிறகு சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு மகனுடைய அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு எங்கள் காதில் விழுந்தது. "நேரே கேட்கிறேன், நேரே சொல். அந்தக் கடைசிப் படி உன் மனத்தில் இருக்கிறதா?" என்று கேட்டாள். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவன், "செய்ய வேண்டும் என்று நினைத்ததில்லை அம்மா. ஆனால் காலையில் கண் விழிக்கும்போது, விழிக்காமல் இருந்திருக்கலாமே என்று சில நாள் தோன்றுகிறது" என்றான்.

அன்பர்களே, இருபது நிமிஷ விளையாட்டு எங்களுக்கு அளித்தது இந்த ஒரு வாக்கியந்தான். ஒரே கூரையின் கீழ் இருந்தும், இருவேளையும் சேர்ந்து உண்டும், அதுவரை எங்கள் செவிக்கு எட்டாத வாக்கியம் அது. என் மனைவி அழவுமில்லை, அறிவுரை சொல்லவுமில்லை. அவன் பக்கத்தில் அமர்ந்துகொண்டு, வேறென்ன தோன்றுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த வாரத்திலேயே மருத்துவர் ஒருவரைக் கண்டோம். தூக்கம் கெட்டிருந்தது, அதற்கு வேண்டியதைச் செய்தார், பேசவும் வைத்தார். இப்படிப்பட்ட நிலையில் உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியிருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். வெட்கப்பட வேண்டியது ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்கு மருந்து கேட்பதைப் போன்றதே இதுவும்.

இந்த இடத்தில் ஆக்கியவர் மீது எனக்கொரு குறை உண்டு. பசுவைத் தடவுவதையும் இலையைப் பிடிப்பதையும் மாடியிலிருந்து குதிப்பதையும் ஒரே வரிசையில் படிகளாக அடுக்கிவைத்திருக்கிறார். குதிப்பது உருவகம் என்றும், பழைய மனிதன் மடிந்து புதியவன் பிறப்பதைக் குறிக்கிறது என்றும் ரசிகர்கள் சொல்லுகிறார்கள். இருக்கலாம். கனவில் குதித்தவன் மறுநாள் விழித்துக்கொள்கிறான். நம் பிள்ளைகளுக்கு அந்த மறுநாள் இல்லை. பிள்ளை பெற்றவன் அதைப் படி என்று ஒப்ப முடியாது. இதைச் சொன்னபோது என் மகள் மறுத்தாள். "அந்தப் படியை வைக்காமல் இருந்திருந்தால் அண்ணன் எந்த இடத்தில் கையை எடுத்திருப்பான் அப்பா? அம்மா எதைப் பார்த்திருப்பாள்?" என்று கேட்டாள். இவ்விஷயத்தில் நாங்கள் இருவரும் இன்னும் உடன்படவில்லை.

மகளுடைய சொந்த அபிப்பிராயம் வேறொன்று. அவள் சொன்னாள்: "கலகம் செய் என்று சொல்லிவிட்டு, கலகத்துக்கும் ஐந்து வரிசைப் பட்டியல் போட்டுவிட்டார்கள். அதைக் கிழவி சரிபார்த்து எண்ணிக்கையைக் குறைக்கிறாள். அதுவும் ஓர் அலுவலகந்தானே? ஐந்தையும் ஒழுங்காக முடித்தவனுக்குக் காலியான ஊர்தான் கிடைக்கிறது." இது விளையாட்டின் பலவீனமா, அல்லது ஆக்கியவர் வேண்டுமென்றே வைத்த பொருளா என்பதை அவளே முடிவு செய்யவில்லை. எண்ணிக்கைக்காகவா மாட்டைத் தடவுவார்கள் என்று ஆச்சி கேட்டதும் இதுவும் ஒன்றே என்று எனக்குப் பட்டது.

என் மனைவி இரண்டு வாரம் கழித்துத் தன் அபிப்பிராயத்தைச் சொன்னாள். ஒரு மாலையில் தானாகவே கணினி முன் அமர்ந்து ஆட்டத்தை முடித்தாள். "அடுக்களையில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு படியும் இல்லை. அடுப்பை விட்டு அவள் நகரவே இல்லை. கடைசி நாளில் அவளைக் காணோம். எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை, விளையாட்டும் சொல்லவில்லை. அவளுக்கும் நாள்தோறும் ஒரே கனவாகத்தான் இருக்கும்" என்றாள். ஐவர் சொன்னவற்றுள் இதற்கு மட்டும் எங்களில் எவரிடமும் மறுமொழி இல்லை.

இரண்டு மாதப் பேச்சின் முடிவில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். என் மகனுக்குப் பள்ளி ஆசிரியனாக வேண்டும் என்று நெடுநாள் ஆசை இருந்திருக்கிறது. பி.எட். படிப்பு இப்போது இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டும் சம்பளம் வராது. வீட்டுக் கடனிலோ இன்னும் 31 தவணைகள் இருந்தன. எதிர்வீட்டு மாமா, வேலையை விடக் கூடாது என்று இறுதிவரை வாதாடினார். விட்டுவிட்டு வருந்தியவர்கள் எத்தனை பேர் என்று அவர் அறிந்தவர். அவர் அன்பினால் சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஊரில், தென்காசிப் பக்கம், அம்மாவின் பெயரில் நான்கு சென்ட் மனை இருந்தது. அப்பா காலத்தில் மாட்டுத் தொழுவம் இருந்த இடம். ஓய்வு பெற்றபின் அங்கே ஓர் அறை கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று நான் 34 ஆண்டும் ரயிலில் எண்ணிக்கொண்டு வந்த இடமும் அதுவே. அதை விற்றால் கடன் தீரும்.

நான் சொல்லத் தயங்கியதை அம்மாவே சொன்னார். "மாடு போய் நாற்பது வருஷம் ஆயிற்று. தொழுவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பேரன் நன்றாக இருக்கட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போட்டபின் அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. எனக்கும் ஊர் என்று சொல்லிக் கால்பதிக்க இனி ஒரு சாண் நிலம் இல்லை. அந்த இழப்பு சிறிது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விலை இன்னதென்று தெரிந்தே கொடுத்தோம். மகன் இவ்வாண்டு படிப்பில் சேர்ந்துவிட்டான். காலையில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, கல்யாண் வண்டியில் போகிறான். நல்லாசிரியன் ஆவானா என்பது இனிமேல் தெரிய வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் வீட்டு அடுக்களை இப்போது என்னுடையதும் மகனுடையதும். என் மனைவி சங்கத்தில் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கப் போகிறாள். எங்கள் சாம்பாரைப் பற்றி அவள் வெளிப்படுத்தும் அபிப்பிராயங்களை இங்கே எழுதவில்லை.

ஒரு விளையாட்டைப் பற்றிக் கேட்டால் அது நன்று, இது தீது என்று சொல்லிவிட்டுப் போவதே வழக்கம். உற்றுக் கேட்டால், ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையில் எந்த இடத்தில் நிற்கிறாரோ அங்கிருந்தே பேசுகிறார் என்பது விளங்கும். மாமா தங்கைகளின் கல்யாணத்திலிருந்து பேசினார். அம்மா தொழுவத்திலிருந்து பேசினார். நான் ரயிலிலிருந்து பேசினேன். நம் இல்லங்களில் பிள்ளைகள் திரையின் முன் கிடக்கிறார்கள் என்று வருந்தும் பெற்றோர் பலர். அவர்கள் ஒரு நாள் அருகில் போய் அமர்ந்து, நீ ஆடுவதை எனக்கும் காட்டு என்று கேட்கலாம். ஆடிய பின் யார் வென்றது என்று கேட்க வேண்டாம். உனக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அந்த மரத்து இலையும் காத்திருப்பவர் கைக்குத்தான் வந்து சேருகிறது. என் மகளுக்கு அது கிடைக்க நாலு நாள் ஆயிற்று.